திருமண மோதிரத்தைக் கொடுத்துப் போரை வாங்கிய தேசம்!

“அப்பா, அதோ… அந்த பால்கனிதான்!”

மகள் கைகாட்டிய பக்கம் பார்த்தேன். இவ்வளவுதானா என்றிருந்தது. நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில்கூட இதைவிடப் பெரிய பால்கனி இருக்கும். நாங்கள் நின்றுகொண்டிருந்தது ரோம் நகரின் நடுவில் உள்ள பியாட்சா வெனிசியா சதுக்கம். எதிரே பழங்கால மாளிகை ஒன்று. அதன் முதல் மாடியில் சின்னதாக அந்த பால்கனி. 1940 ஜூன் 10 மாலை அங்கே நின்றுதான், ‘பிரிட்டன் மீதும் பிரான்ஸ் மீதும் போர்’ என்று அறிவித்தார் முசோலினி. கீழே சதுக்கம் நிரம்பி வழிந்த கூட்டம் ஆர்ப்பரித்தது.

இன்று அதே இடத்தில் சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்காரன். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். ‘பாசிசத்தைத் தோற்றுவித்தவர் யார்?’ என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு எத்தனையோ ஆயிரம் விடைத்தாள்களில் ‘முசோலினி’ என்று டிக் போட்டிருக்கிறேன். மகள் ரோமில் ஆராய்ச்சிப் படிப்பு படிப்பதால் நானும் மனைவியும் மூன்று வாரம் அங்கே தங்கும் வாய்ப்பு கிடைத்தது. ‘வாட்டிகன், கொலோசியம் எல்லாம் பார்த்தாச்சு. வேற எங்கே போகலாம்?’ என்று மகள் கேட்டபோது, ‘அந்த ஒரு மார்க் கேள்வியைப் போய்ப் பார்க்கலாமா?’ என்றேன். அப்படித்தான் தொடங்கியது இந்தப் பயணம்.

விறகுக்கட்டும் கோடரியும்

பாசிசம் என்ற சொல், பழைய ரோமானிய அதிகாரிகளுக்கு முன்னால் தூக்கிச் செல்லப்பட்ட ‘பாசஸ்’ என்ற பிரம்புக்கட்டோடு தொடர்புடையது. தனிக் குச்சியை ஒடிக்கலாம், கட்டாக இருந்தால் ஒடிக்க முடியாது என்று நம் பாட்டிகள் சொல்லும் கதைதான். ஆனால், இந்தக் கட்டுக்குள் ஒரு கோடரியும் செருகப்பட்டிருந்தது!

1922 அக்டோபரில் கறுப்புச் சட்டைத் தொண்டர்கள் ரோமை நோக்கி அணிவகுத்தார்கள். அரசர் பயந்துபோய் முசோலினியைப் பிரதமராக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் எதிர்க்கட்சிகள் இல்லை, சுதந்திரமான பத்திரிகைகள் இல்லை. ‘நம்பு, கீழ்ப்படி, போரிடு’ என்பது சுவரெங்கும் எழுதப்பட்ட முழக்கம். எட்டு வயது ஆனதும் பையன்களை ‘பலில்லா’ என்ற அமைப்பில் சேர்த்து, கறுப்புச் சட்டை மாட்டி, சிறிய துப்பாக்கி கொடுத்து அணிவகுக்கப் பழக்கினார்கள்.

ஆசிரியன் என்பதால் எனக்கு உறுத்திய செய்தி ஒன்று உண்டு. 1931-ல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எல்லோரும் பாசிச ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று ஆணை வந்தது. சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டஜன் சொச்சம்தான். ‘நான் அங்கே இருந்திருந்தால்?’ என்று யோசித்தேன். பிள்ளைகுட்டி, சம்பளம், பென்ஷன்… கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

படிக்கட்டில் கழற்றிய மோதிரங்கள்

அதே சதுக்கத்தில், பால்கனிக்குப் பக்கத்திலேயே, மலைபோல் நிற்கிறது வெள்ளைப் பளிங்கு நினைவுச் சின்னம் ஒன்று. பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறை அதில் இருக்கிறது. அதன் படிக்கட்டில் மூச்சுவாங்க உட்கார்ந்திருந்த மனைவியிடம் 1935 டிசம்பர் 18 அன்று இங்கே நடந்ததைச் சொன்னேன்.

அந்த வருடம் அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தது. உலக நாடுகள் பொருளாதாரத் தடை விதித்தன. உடனே முசோலினி அரசு பெண்களிடம் திருமண மோதிரத்தைக் கேட்டது. அதற்காகக் குறித்த நாள்தான் டிசம்பர் 18. இத்தாலிய மொழியில் ‘ஃபேதே’ என்றால் நம்பிக்கை. திருமண மோதிரத்துக்கும் அதே பெயர்தான். முதல் ஆளாக அரசி எலேனா மோதிரத்தைப் போட்டார். பின்னால் வரிசை வரிசையாகப் பெண்கள். நாடு முழுக்க லட்சக்கணக்கான மோதிரங்கள். தங்கத்துக்குப் பதிலாக அவர்கள் கையில் மாட்டிவிடப்பட்டது இரும்பு மோதிரம்.

மனைவி தன்னையறியாமல் தாலிச் சரடைத் தொட்டுக்கொண்டாள்.

“ஏங்க, சீனா சண்டையப்ப எங்கம்மாகூட கம்மலைக் கழற்றிக் கொடுத்தாங்கன்னு சொல்வாங்க. நாட்டுக்கு ஆபத்துன்னா பொம்பளைங்க கொடுப்பாங்கதான். இவங்க மேல யாரு படையெடுத்தாங்க?”

“யாரும் இல்ல. இவங்கதான் படையெடுத்தாங்க.”

“அப்புறம் எதுக்கு மோதிரம்?”

வகுப்பறையில் இத்தனை வருடம் எந்த மாணவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எத்தியோப்பியாவில் இத்தாலிய விமானங்கள் மக்கள் மீது விஷவாயுவைப் பொழிந்தன. 1936 மே மாதம் அடிஸ் அபாபா வீழ்ந்தபோது, இந்தச் சதுக்கத்தில் ‘ரோமப் பேரரசு திரும்பிவிட்டது’ என்று கொண்டாட்டம். அதுவரை போர் என்றால் இத்தாலியர்களுக்கு எங்கோ தூரத்தில் நடப்பது. வானொலியில் வெற்றிச் செய்தியாக வருவது.

நினைத்தது ஒன்று

1940-ல் ஹிட்லரின் பக்கம் சேர்ந்தபோதும் ‘சில வாரங்களில் முடிந்துவிடும், பேரம் பேசும் மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும்’ என்பதுதான் முசோலினியின் கணக்கு. கிரீஸில் அடி விழுந்தது. வட ஆப்பிரிக்காவில் இரண்டே மாதத்தில் சுமார் 1,30,000 இத்தாலிய வீரர்கள் பிடிபட்டார்கள். அவர்களைப் பிடித்த படையில் நான்காவது இந்திய டிவிஷனும் உண்டு. பிடிபட்டவர்களில் பலர் கப்பலேற்றப்பட்டு வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? நம் பெங்களூரு, டேராடூன், இமயமலை அடிவாரத்து யோல்! பேரரசு பிடிக்கப் புறப்பட்டவர்கள் பெங்களூரில் முள்வேலிக்குப் பின்னால் வருடக்கணக்கில் வீட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். ரஷ்யப் பனிக்கு அனுப்பப்பட்டவர்கள் நிலை இன்னும் மோசம். 75,000-க்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை.

1943 ஜூலையில் நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின. ரோம் மீதே குண்டு விழுந்தது. ஜூலை 25 அன்று முசோலினியைப் பதவியிலிருந்து இறக்கிக் கைது செய்தார் அதே அரசர். செப்டம்பர் 8 அன்று சரணடைவு அறிவிப்பு. ‘போர் முடிந்தது!’ என்று மக்கள் தெருவில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். உண்மையில் அவர்களுக்கு அன்றுதான் போர் தொடங்கியது. அரசரும் அமைச்சர்களும் ரோமை விட்டுத் தெற்கே ஓடினார்கள். நேற்றுவரை நண்பனாக இருந்த ஜெர்மன் ராணுவம் நாட்டைப் பிடித்துக்கொண்டது. 6,00,000-க்கும் அதிகமான இத்தாலிய வீரர்கள் ஜெர்மன் முகாம்களுக்குக் கூலிகளாக இழுத்துச் செல்லப்பட்டார்கள். வடக்கே ஹிட்லரின் தயவில் முசோலினியின் பொம்மை அரசு. தெற்கே நேச நாடுகளோடு சேர்ந்த அரசு. இரண்டுக்கும் நடுவே, மலைகளின் மேல் ஜெர்மானியர்கள் அமைத்த தடுப்பு அரண்.

அந்த அரண் இருந்த இடத்துக்குத்தான் மறுநாள் கிளம்பினோம்.

குகைக்குள் ஓர் ஊர்

ரோம் டெர்மினி நிலையத்திலிருந்து கசீனோவுக்குச் சாதாரண ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். ஆலிவ் தோப்புகள், திராட்சைத் தோட்டங்கள், இரண்டு பக்கமும் நீலமாக மலைகள். கச்சிராயபாளையத்துப் பக்கம் நின்று கல்வராயன் மலையைப் பார்ப்பது போலவே இருந்தது. கசீனோவில் மகளின் தோழி ஒருத்தி காரோடு காத்திருந்தாள். முதலில் அவள் அழைத்துப்போனது சான் பியேத்ரோ இன்ஃபீனே என்ற மலைச்சரிவுக் கிராமத்துக்கு.

பழைய கிராமத்தில் இப்போது யாரும் இல்லை. கூரையில்லாத வீடுகள், பாதிச் சுவர்கள், கல்படிகள், சிதைந்த தேவாலயம். போருக்குப் பின் கொஞ்சம் கீழே புதிய ஊரைக் கட்டிக்கொண்டு, பழைய ஊரை இடிந்தது இடிந்தபடி நினைவிடமாக விட்டுவிட்டார்கள். 1943 இலையுதிர் காலத்தில் ஜெர்மானியர்கள் இங்கே வந்து அரண் அமைத்தார்கள். ஆண்களை வேலைக்குப் பிடித்துப்போனார்கள். மிச்சமிருந்த பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் ஊருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் மென்பாறையைக் குடைந்து குகைகளுக்குள் ஒளிந்துகொண்டார்கள். டிசம்பர் 8 முதல் 17 வரை அமெரிக்கர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் நடந்த சண்டையில் ஊர் தரைமட்டமானது. இந்தச் சண்டையை அமெரிக்க ராணுவத்துக்காக ஆவணப்படமாக்கியவர், பிற்காலத்திலும் புகழோடு விளங்கிய இயக்குநர் ஜான் ஹூஸ்டன்.

குகைகளுக்குள் இப்போதும் போகலாம். குனிந்துதான் நுழைய வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி வைத்திருக்கிறார்கள். டிசம்பர் குளிரில், ஈரத்தில், இந்தப் பொந்துகளில் குடும்பம் குடும்பமாக மாதக்கணக்கில்! தண்ணீர் எடுக்க வெளியே போனால் குண்டு.

“சமையல் எங்கே பண்ணியிருப்பாங்க? பச்சைப் புள்ளைக்கு எப்படித் தண்ணி காய வெச்சிருப்பாங்க?” என்று மனைவி முணுமுணுத்தாள். நான் பதில் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த இடிந்த தெருவில் நின்றபோது எனக்கு எங்கள் தெருதான் ஞாபகம் வந்தது. 2024 ஜூனுக்கு முன்பு ‘கருணாபுரம்’ என்றால் கள்ளக்குறிச்சிக்கு வெளியே யாருக்கும் தெரியாது. விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன பிறகு, பெயரைச் சொன்னாலே ‘ஓ… அந்த ஊரா?’ என்கிறார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டு வாசலில் பந்தல். கோமுகி ஆற்றங்கரையில் ஒரே நேரத்தில் எரிந்த சிதைகள். அது வேறு, இது வேறு. போரையும் அதையும் ஒப்பிட முடியாது. ஆனால், ஓர் ஊருக்குள் மரணம் வீடு வீடாக ஏறி இறங்கினால் அதன் பிறகு அந்த ஊர் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் ‘இத்தாலி தோல்வியடைந்தது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். தோல்வி என்பது இந்தக் குகைதான்.

மின்யானோவில் ஒரு தமிழர்

அங்கிருந்து சில கிலோமீட்டரில் மோன்தே லுங்கோ என்ற நீண்ட குன்று. அடிவாரத்தில் இத்தாலிய வீரர்களின் நினைவிடம். முசோலினிக்காகச் சண்டையிட்டவர்கள் அல்ல இவர்கள். சரணடைவுக்குப் பிறகு நேச நாடுகளோடு சேர்ந்து ஜெர்மானியர்களை எதிர்த்து நின்ற முதல் படைப்பிரிவு. 1943 டிசம்பர் 8 அன்று பனிமூட்டத்தில் ஏறியவர்கள் சுடப்பட்டுச் சரிந்தார்கள். டிசம்பர் 16-ல் மறுபடி ஏறிக் குன்றைப் பிடித்தார்கள்.

21 வயதுப் பையன் ஒருவன் அன்று அங்கே இறந்திருந்தால், அவன் பிறந்த வருடம் 1922. முசோலினி பதவிக்கு வந்த அதே வருடம். வாழ்நாளில் வேறு ஆட்சியையே பார்க்காதவன்!

இந்தக் குன்றுக்கு அருகே உள்ள ஊர் மின்யானோ. நான் வரவேண்டும் என்று ஆசைப்பட்டதே இங்கேதான். காரணம், காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன்.

‘தம்பிகள்’ என்று ராணுவத்தில் செல்லமாக அழைக்கப்படும் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர் அவர். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது இவர்கள் வேலை. 1944 பிப்ரவரி 24 அன்று மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். முன்னால் போனவரின் காலடியில் மந்தமாக ஒரு சத்தம். அந்த வகை வெடி உடனே வெடிக்காது. சுமார் நான்கு விநாடி கழித்து மேலே எழும்பிச் சிதறி, சுற்றியிருக்கும் எல்லோரையும் கொல்லும். அந்த நான்கு விநாடியில் சுப்பிரமணியன் ஓடவில்லை. வெடியின் மேல் குப்புற விழுந்தார். உடன் இருந்தவர்கள் பிழைத்தார்கள். இறந்த பிறகு அவருக்கு, பிரிட்டிஷ் அரசின் மிக உயர்ந்த வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

இத்தாலியில் சுமார் 50,000 இந்திய வீரர்கள் சண்டையிட்டார்கள். 5,700-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். இந்தியாவைப் போரில் சேர்ப்பதற்கு முன் இந்தியத் தலைவர்கள் யாரிடமும் வைஸ்ராய் கேட்கவில்லை. அதைக் கண்டித்துத்தான் 1939-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை ராஜினாமா செய்தது. ரோமில் ஒருவர் பால்கனியில் நின்று கூவியதற்கும், கீழ் ஒட்டிவாக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கணக்குத் தீர்த்தவர்களில் அவரும் ஒருவர்.

சாலையோரம் நின்று காலணியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் கும்பிட்டேன். மகளின் தோழி விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தானும் சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். பக்கத்து ஊர்க்காரி அவள். இப்படி ஒருவர் அங்கே இறந்தது அவளுக்கு அன்றுதான் தெரியும்.

மலை மேல் மடம், கீழே கற்கள்

மாலையில் மோன்தே கசீனோ மலைக்கு ஏறினோம். கி.பி. 529-ல் புனித பெனடிக்ட் நிறுவிய மடம் இது. ஜெர்மானியர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு 1944 பிப்ரவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் இதைத் தரைமட்டமாக்கின. அப்போது உள்ளே இருந்தவர்கள் துறவிகளும், அடைக்கலம் தேடி வந்த ஊர்மக்களும்தான். இடிபாடுகளுக்குள் ஜெர்மானியர்கள் பிறகுதான் புகுந்துகொண்டார்கள். நான்கு மாத காலச் சண்டை. நான்காவது இந்திய டிவிஷன் உட்படப் பல படைகள் மோதிப் பார்த்தன. மே 18 அன்று போலந்து வீரர்கள் மடத்தின் மேல் கொடியேற்றினார்கள். மடத்தைப் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டி, 1964-ல் போப் ஆறாம் பால் அர்ப்பணித்தார். வெள்ளை வெளேரென்று நிற்கும் அந்தக் கட்டடம் இடிந்து எழுந்தது என்று சொன்னால்தான் தெரியும்.

அடிவாரத்தில் காமன்வெல்த் வீரர்களின் கல்லறைத் தோட்டம். 4,271 பேர். அவர்களில் இந்தியர்களும் உண்டு. நடுவே பச்சைப் பளிங்குத் தூண்களில், கல்லறை இல்லாத இன்னும் 4,000-க்கும் அதிகமானோரின் பெயர்கள். ரோஜாச் செடிகளுக்கு நடுவே வரிசை தவறாமல் கற்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஜெர்மன் வீரர்களின் மயானத்தில் 20,000-க்கும் மேல். எல்லாம் இருபது, இருபத்தைந்து வயது.

பெண்களின் கையில் வாக்குச்சீட்டு

1945 ஏப்ரல் 28 அன்று, தப்பி ஓட முயன்ற முசோலினி கோமோ ஏரிப் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் மிலான் நகரில் அவர் உடலைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். சுற்றி நின்று கத்தியது ஒரு கூட்டம். பால்கனிக்குக் கீழே ஆர்ப்பரித்ததும் ஒரு கூட்டம்தான்.

1946 ஜூன் 2 அன்று ‘அரசராட்சியா, குடியரசா?’ என்று வாக்கெடுப்பு. தேசிய அளவில் இத்தாலியப் பெண்கள் வாக்களித்தது அதுவே முதல் முறை. மோதிரம் கேட்டபோது, போர் வேண்டுமா என்று அவர்களை யாரும் கேட்டிருக்கவில்லை. குடியரசு வென்றது. 1948-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 11-வது பிரிவு, பிற மக்களின் சுதந்திரத்தைப் பறிக்கும் கருவியாகப் போரை இத்தாலி நிராகரிக்கிறது என்று சொல்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. எத்தியோப்பியாவில் படுகொலைகளுக்குப் பொறுப்பான தளபதி கிராட்சியானிக்கு 2012-ல், ரோமுக்குக் கிழக்கே அஃபிலே என்ற ஊரில் அரசுப் பணத்தில் நினைவிடம் கட்டினார்கள். பெரும் கண்டனம் எழுந்தது. தங்கள் வீடு இடிந்ததை நினைவில் வைப்பது எளிது. அடுத்தவன் வீட்டை இடித்ததை நினைவில் வைப்பதுதான் எல்லா தேசங்களுக்கும் கஷ்டம்.

திரும்பும் ரயிலில் மனைவி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த இரும்பு மோதிரத்தை எல்லாம் அப்புறம் என்ன பண்ணியிருப்பாங்க?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டுப் பையன் சமூக அறிவியல் புத்தகத்தோடு வந்தான். “தாத்தா, பாசிசத்தைத் தோற்றுவித்தவர் முசோலினி. இது ஒரு மார்க்தானே, மனப்பாடம் பண்ணினா போதுமா?” என்றான். உட்காரச் சொன்னேன். மோதிரத்திலிருந்து தொடங்கினேன்.

போக நினைப்பவர்களுக்கு…

ரோம் டெர்மினியிலிருந்து கசீனோவுக்கு நேரடி ரயில்கள் உண்டு. சுமார் இரண்டு மணி நேரப் பயணம். மடத்துக்கு மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறும்; பேருந்து குறைவு, டாக்சி வசதி. மடத்துக்குள் தோள், முழங்கால் மூடிய உடை அவசியம். போர்வீரர் கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. சான் பியேத்ரோ இன்ஃபீனேயில் ரயில் நிலையம் கிடையாது. காரில் போவதே நல்லது. கல்படிகள் சறுக்கும் என்பதால் நல்ல காலணி வேண்டும். வீட்டிலிருந்தே புளிசாதமும் தண்ணீரும் எடுத்துப் போனது எங்களுக்குக் கைகொடுத்தது!